டாக்டருக்கும் கண்ணீர் உண்டு

"பச்சைக் குழந்தை போய்விட்டது. அந்த டாக்டர் முகத்தில் ஒரு வாட்டம் உண்டா, பார்த்தாயா? கல் நெஞ்சம்!"

ஆஸ்பத்திரி வராந்தாவில் இந்தப் பேச்சு உங்கள் காதிலும் விழுந்திருக்கும். நீங்களே சொல்லியிருந்தாலும் குற்றமில்லை. பெற்ற வயிறு பற்றி எரியும்போது நியாயம் பார்க்க முடியுமா?

ஆனால், சகோதரிகளே, அந்தச் சலனமற்ற முகம் பிறவிக் குணமல்ல. கற்றுக் கொண்ட பாடம். 1889-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், வைத்தியம் படித்து முடித்த மாணவர்களிடம் வில்லியம் ஆஸ்லர் என்ற மேதை பேசினார். டாக்டருக்கு முதலில் வேண்டியது நிதானம் என்றார். டாக்டரின் முகம் கறுத்தால், நோயாளிக்கு இருக்கிற தைரியமும் போய்விடும் அல்லவா?

அந்த ஆஸ்லருக்கே 1917-ல் சோதனை வந்தது. 21 வயது மகன் ரெவெர், ஒரே பிள்ளையாக வளர்ந்தவன், பெல்ஜியப் போர்முனையில் மாண்டான். வந்தவர்களிடம் ஆஸ்லர் முகம் மலரத்தான் பேசினார். உள்ளே விழுந்த காயம் மட்டும் ஆறவில்லை. 1919 டிசம்பரில் அவரும் கண்ணை மூடினார்.

முகத்தை அடக்கலாம், மனத்தை எத்தனை நாள் அடக்குவது? ஒரு தாயிடம் சொல்லக் கூடாத சேதியைச் சொல்லிவிட்டு, அடுத்த நிமிஷமே அடுத்த கட்டிலருகே டாக்டர் போய் நிற்க வேண்டும். அங்கேயும் ஒரு குழந்தை காத்திருக்கிறதே!

வர்ஜீனியா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் ஜானதன் பார்டெல்ஸ் என்ற நர்ஸ் எளிய வழி ஒன்று கண்டார். நோயாளியின் உயிர் பிரிந்ததும் யாரும் உடனே கலைவதில்லை. இவரும் ஒரு வீட்டின் செல்வம், காப்பாற்ற எல்லோரும் பாடுபட்டோம் என்று ஒருவர் சொல்கிறார். பிறகு ஒரு நிமிஷ மௌனம். அவ்வளவுதான். அந்த வழக்கம் இன்று பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது.

பாஸ்டனில் 1995-ல் புற்றுநோயால் இறந்த கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற வக்கீலின் பெயரால் இன்னொரு ஏற்பாடு உண்டு. டாக்டர்களும் நர்சுகளும் கூடி உட்காருகிறார்கள். மருந்தைப் பற்றியல்ல, மனப் பாரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். சொல்லி அழுதால் துக்கம் பாதியாகும் என்பது நம் வீட்டுப் பாட்டிகளுக்குத் தெரியாததா?

சிகிச்சையில் தவறு இருந்தால் கேட்க வேண்டியதுதான். இல்லையென்றால், துக்கம் சற்றுத் தணிந்த பிறகு, 'நீங்கள் பாடுபட்டதைப் பார்த்தோம்' என்று அந்த டாக்டருக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்தக் குழந்தையை அவரும் மறந்திருக்க மாட்டார்.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை: தாயின் எதிரே உங்கள் கண் கலங்கினால், அதை அவள் பலவீனம் என்று நினைக்க மாட்டாள். தன் குழந்தைக்காக இன்னொருவரும் அழுதார் என்றுதான் நினைப்பாள்.