கடலில் அமைதியாகத் தெரியும் இடமே ஆபத்தானது

மாத்தளை மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. எங்கள் பிள்ளைகள் கடலைப் பார்ப்பது பாடசாலைச் சுற்றுலாவிலும் பெருநாள் விடுமுறையிலும்தான். சுதுகங்கையில் குளித்துப் பழகியவர்கள் ஓட்டம் குறைந்த இடம் பார்த்துத்தான் இறங்குவார்கள். கடலில் இதே பழக்கம் உயிரைப் பறிக்கக்கூடும்.

கரையில் உடையும் அலைகளின் நீர், சில இடங்களில் குறுகிய வழியால் மீண்டும் கடலுக்குள் விரைகிறது. இதுவே ரிப் கரண்ட் எனும் இழுவை நீரோட்டம். அங்கு ஆழம் அதிகம் என்பதால் அலை அவ்வளவாக உடையாது. இருபுறமும் வெண்ணுரை பொங்க, நடுவில் மட்டும் கருமையாக, அமைதியாகத் தெரியும். வேகம் சில வேளை விநாடிக்கு 2 மீற்றரைத் தாண்டும்.

அது ஆளைக் கீழே இழுப்பதில்லை, தூரத்துக்குக் கொண்டுசெல்கிறது. எதிர்த்து நீந்திக் களைத்துப்போவதாலேயே பலர் மூழ்குகிறார்கள். பதற்றப்படாமல் மிதந்து, கையுயர்த்தி உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்குச் சமாந்தரமாக நீந்தி வெளியேற வேண்டும். கரையில் நிற்பவர்கள் பின்னால் பாயாமல், மிதக்கும் பொருளை எறிந்து உயிர்காப்பாளரை அழைக்க வேண்டும்.

பருவமும் முக்கியம். ஓகஸ்டில் தென்மேற்குப் பருவக்காற்றால் காலி, பெந்தோட்டைக் கடல் கொந்தளிக்கும். டிசம்பரில் நிலாவெளி, அறுகம்பைக் கடல் கொந்தளிக்கும். நாமோ விடுமுறையைப் பார்த்தே திகதி குறிக்கிறோம்.

ஓர் ஆசிரியராக நான் கேட்பது இதுதான்: சுற்றுலா ஏற்பாடு செய்யும் பாடசாலைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் பஸ்ஸில் ஏற்றுமுன் பத்து நிமிடம் இதைச் சொல்லிக்கொடுக்கட்டும். சிவப்புக் கொடி பறக்கும் கரையிலும், உயிர்காப்பாளர் இல்லாத கரையிலும் பிள்ளைகளைக் கடலில் இறக்காதீர்கள்.