கிரிவலம் போகுமுன் ஒரு டம்ளர் தண்ணீர்



பௌர்ணமி வந்தால் எங்கள் சிறுசேரிப் பக்கத்திலிருந்தும் செங்கல்பட்டு, திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர். பெண்கள் நடைக்கு நாலைந்து மணி நேரமாவது ஆகும்.

நானும் ஓர்ப்படியும் ஒரு சித்ரா பௌர்ணமிக்குப் போனோம். ராத்திரிக்குள் வீடு திரும்பலாமே என்று மத்தியானம் 3 மணிக்கே நடக்க ஆரம்பித்தோம். யோசனை என்னுடையதுதான். நெருப்புத் தலம் என்று சும்மாவா சொன்னார்கள்! தார் ரோடு காலைச் சுட்டது. இந்திர லிங்கம், அக்னி லிங்கம், எம லிங்கம் எல்லாம் பேசிக்கொண்டே தாண்டிவிட்டோம். வருண லிங்கத்தை நெருங்கும்போது அவளிடம் பேச்சே இல்லை. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வெளுத்து, உடம்பு வேர்வையில் ஜில்லிட்டுப் போயிருந்தது.

"ஏண்டி, தண்ணி குடிச்சியா இல்லையா?"

"காலையில குடிச்ச காபிதான்க்கா. தண்ணி குடிச்சா நடுவுல ஒதுங்கணுமே, எங்கே போறது?"

அவள் பையில் தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமலே இருந்தது.

நிழலில் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி, ஈரத் துண்டால் கழுத்தையும் கையையும் துடைத்தேன். உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரை வாய் வாயாகக் கொடுத்தேன். அரை மணியில் தெளிந்தாள். ஆனால் பாதிச் சுற்றில் நிற்கிறோம். முன்னால் போனாலும் பின்னால் போனாலும் ஒரே தூரம். பௌர்ணமிக் கூட்டத்தில் வண்டி கிடைப்பதும் சுலபமில்லை. ஒரு கடைக்காரர் தயவில் ஊருக்குள் வந்து சேர்ந்தோம்.

ஆகவே, உடம்பு ஒத்துவரவில்லை என்றால் முதல் இரண்டு மூன்று லிங்கங்களுக்குள்ளேயே திரும்பிவிடுங்கள். அதில் பாவம் ஒன்றும் இல்லை.

கோடையில் வெயில் தாழ்ந்து, ரோடு ஆறிய பிறகு நடங்கள். அல்லது விடியுமுன் கிளம்புங்கள். கிளம்பும் முன் ஒரு டம்ளர், பிறகு 20 நிமிடத்துக்கு ஒரு தடவை சில வாய் தண்ணீர். கழிப்பறை எங்கெங்கே இருக்கிறது என்று நடக்கத் தொடங்குமுன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். அது தெரிந்துவிட்டால் தண்ணீர் குடிக்கப் பயம் இருக்காது.

காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்து எடுத்துப் போங்கள். உப்பு கூடக்கூடாது. வெறும் வயிற்றில் நடக்காதீர்கள். இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள்.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்குப் பாதத்தில் சுரணை குறைந்திருக்கும். கொப்புளம் கிளம்பினால்கூடத் தெரியாது. அவர்கள் மெத்தென்ற செருப்பு போட்டு நடக்கட்டும், அண்ணாமலையார் கோபித்துக்கொள்ள மாட்டார். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், இருதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டே கிளம்ப வேண்டும். குழந்தையின் சட்டைப்பையில் பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

தலைவலி, தலைசுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு, குமட்டல், இவற்றில் எது வந்தாலும் நடையை நிறுத்துங்கள். உடம்பு அனலாய்க் கொதித்து, பேச்சு குழறினாலோ நினைவு தப்பினாலோ அது வெயில் தாக்கு. வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். உடம்பெல்லாம் தண்ணீர் விட்டு விசிறிக்கொண்டே 108-க்குப் போன் செய்யுங்கள்.

புதிதாக நடக்கிறவர்கள் முதலில் நம் திருக்கழுக்குன்றம் மலையைச் சுற்றிப் பழகலாம். சின்னச் சுற்றுதான். உடம்பு எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துவிடும்.

நாங்களும் அப்படிப் பழகிவிட்டு, மார்கழிப் பௌர்ணமிக்கு மறுபடி திருவண்ணாமலை போனோம். ஈசான்ய லிங்கம் வரை முழுச் சுற்றும் நடந்தோம். வழியில் இரண்டு தடவை ஒதுங்கினோம். ஓர்ப்படி கையில் இருந்தது காலி பாட்டில்!