கண்டுபிடிப்பதற்கும் கூலி உண்டு

ஓடிக்கொண்டிருக்கும் வண்டி சட்டென்று ஆஃப் ஆகிறது. ஓரங்கட்டிச் சாவியை ஒருமுறை மூடித் திறந்தால், ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது. பட்டறைக்குக் கொண்டுவந்து அரைமணி நேரம் ஓடவிட்டாலும் கோளாறு தலைகாட்டுவதில்லை. சேலம், நாமக்கல் வட்டாரத்தில் பழைய எஃப்.ஐ. பைக்கைத் தொடும் எந்த மெக்கானிக்குக்கும் இது பழகிப்போன புகார்தான்.

2006இல் ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்.ஐ., 2008இல் யமஹா ஆர்15, 2009இல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 500 என்று இன்ஜெக்டர் வண்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி நடைமுறைக்கு வந்தபிறகு பெரும்பாலான புது வண்டிகளிலிருந்து கார்புரேட்டர் விடைபெற்றுக்கொண்டது. அந்த முதல் தலைமுறை வண்டிகளில் பலவற்றின் இன்ஜின் இன்னும் திடமாக இருக்கிறது. வயதாகிவிட்டது ஒயரிங்குக்குத்தான். ரப்பர் கல்லாகிறது, கப்ளரின் பூட்டு உடைகிறது, டெர்மினல் தளர்கிறது.

கோளாறு கண்ணில் படாதபோது பட்டறைகள் எடுக்கும் வழி, பொருளை மாற்றிப் பார்ப்பது. முதலில் பிளக், பிறகு காயில், பிறகு பெட்ரோல் பம்ப், ஒரு சென்சார், கடைசியில் ஈ.சி.யூ. சில சமயம் ஒரு ஸ்பேரை மாற்றியதும் வண்டி பத்து நாள் ஒழுங்காக ஓடவும் செய்யும். புது ஸ்பேர்தான் குணப்படுத்தியது என்று எல்லாரும் நம்பிவிடுவார்கள். பல நேரம் நடந்திருப்பது வேறு: பழைய ஸ்பேரைக் கழற்றும்போது கப்ளர் ஒருமுறை பிரிந்து சேர்ந்ததில் டெர்மினல் உரசிச் சுத்தமாகியிருக்கிறது. அழுக்கு மறுபடி படிந்ததும் வண்டி திரும்பி வருகிறது. அதற்குள் வாடிக்கையாளரின் பணம் போயிருக்கும், பட்டறை மேல் இருந்த நம்பிக்கையும் போயிருக்கும்.

தயாரிப்பாளர்கள் இதை எப்படிக் கையாள்கிறார்கள் என்பதற்கு 2021 மே மாதம் நடந்தது நல்ல உதாரணம். இக்னிஷன் காயிலில் குறை இருக்கலாம் என்று ராயல் என்ஃபீல்டு 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மிஸ்ஸிங், இழுவைக் குறைவு, அரிதாக ஷார்ட் சர்க்யூட் என்று அறிகுறிகளையும் அறிவித்தது. ஆனால் அத்தனை வண்டிக்கும் புதுக் காயில் போடுவதாகச் சொல்லவில்லை. சோதித்துப் பார்த்துத் தேவைப்பட்டால் மாற்றுவோம், பத்து சதவீதத்துக்கும் குறைவான வண்டிகளுக்கே மாற்ற வேண்டியிருக்கும் என்றது. சந்தேகம் எந்தப் பொருள் மேல் என்று தெரிந்த இடத்திலேயே சோதனைதான் முதலில் வந்தது. எது கெட்டது என்றே தெரியாத வண்டியில் ஸ்பேரை முதலில் மாற்றுவது எப்படிச் சரியாகும்?

சோதனை என்றவுடன் மல்டிமீட்டரில் 'பீப்' சத்தம் கேட்டுத் திருப்தி அடைவதும் போதாது. அந்தச் சத்தத்துக்கு மீட்டர் அனுப்புவது ஏறக்குறைய ஒரு மில்லி ஆம்பியர். பத்து இழை அறுந்து ஒரே இழை மிஞ்சிய ஒயரும் அதற்குச் சத்தம் கொடுக்கும். 4 ஆம்பியர் இழுக்கும் சர்க்யூட்டில் ஒரு கப்ளர் அரை ஓம் தடை காட்டினால், 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். ஆகவே லோடு ஓடும்போதே அளக்க வேண்டும். ஒரு முனை பேட்டரி பிளஸ்ஸில், மறுமுனை ஈ.சி.யூ.வுக்கோ பம்புக்கோ போகும் சப்ளையில். எர்த் பக்கமும் இதேபோல. 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் உள்ள ஒவ்வோர் இணைப்பையும் திறந்து பார்க்க வேண்டும்.

அப்படி மீட்டரை மாட்டிவிட்டு, இன்ஜின் ஐடிலில் இருக்க, ஹேண்டில்பாரை இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். 0.1இல் நின்ற எண் ஓரிடத்தில் 0.9க்குத் தாவி, ஹேண்டில் நேரானதும் இறங்கினால், கோளாறு கழுத்தில் இருக்கிறது. ஃபோர்க் பக்கம் வளையும் இடத்தில் டேப்பைப் பிரித்தால் மேல் தோல் வழவழவென்று புதிதுபோலவே இருக்கும். விரலால் நசுக்கினால் ஓரங்குலம் மட்டும் தொளதொளவென்று மடங்கும். அங்கே தோலைச் சீவிப் பார்த்தால் செம்பு கறுத்து, இழைகள் அறுந்து, நாலைந்து மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். இக்னிஷன் சுவிட்ச் ஒயர் இந்த வகையில் போவது சகஜம். அதை முறுக்கி டேப் சுற்றுவது வைத்தியம் ஆகாது. கெட்ட பகுதியை வெட்டி எறிந்து, அதே கனமுள்ள புது ஒயரைச் சேர்த்து, சேர்ப்பு வளைவுக்கு வெளியே வரும்படி வைக்க வேண்டும்.

சூடானால் மட்டும் நின்று, ஆறினால் கிளம்பும் வண்டிக்குப் பாதை வேறு. அங்கே முதல் சந்தேகம் பிக்கப் காயில் மேல். நின்றவுடன், சூடு ஆறுவதற்குள், அதன் ஓம் அளவை எடுக்க வேண்டும். ஆறியபின் அளந்தால் எல்லாம் சரியாகவே காட்டும்.

நம் வட்டாரத்துக்கென்று சில காரணங்களும் உண்டு. நாமக்கல் கோழிப்பண்ணைகளில் எச்சத்திலிருந்து அமோனியா கிளம்புகிறது. ஈரத்தோடு சேர்ந்தால் அது செம்பையும் பித்தளையையும் தாக்கும். பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்து அமோனியாவும், உலோகத்துக்குள் ஏற்கெனவே இருந்த இறுக்கமும் சேர்ந்த விளைவு அது என்று 1921இல்தான் விளக்கம் கிடைத்தது. அழுத்திப் பிடித்த பித்தளை டெர்மினலிலும் அந்த இறுக்கம் இருக்கிறது. பண்ணையில் தினமும் நிற்கும் வண்டி என்று தெரிந்தால், டெர்மினலின் கழுத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். வாட்டர் சர்வீஸின் அழுத்தத் தண்ணீர் கப்ளருக்குள் புகுவதும், எல்.இ.டி. விளக்குக்கும் கூடுதல் ஹாரனுக்கும் ஒயரைச் சீவிக் கொக்கி போடுவதும் மற்ற இரண்டு காரணங்கள்.

லாரி ஒயரிங்கில் கைதேர்ந்த எலெக்ட்ரீஷியன்களுக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. மின்சாரம் வரும் வழியைத் தேடுவதில் அவர்கள் அனுபவம் பெரிய பலம். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: பல்பு போட்ட டெஸ்ட் லாம்ப் பேட்டரி சப்ளைக்கும் எர்த்துக்கும் மட்டுமே. 5 வோல்ட்டில் ஓடும் சென்சார் ஒயரில் அதை வைத்தால் ஈ.சி.யூ. பழுதாகக்கூடும்.

செக் லைட் சொல்வதையும் முழுதாகப் படிக்க வேண்டும். யமஹா எஃப்.ஐ. வண்டியில் 15 என்றால் த்ராட்டில் சென்சார் சர்க்யூட், 46 என்றால் சப்ளை வோல்டேஜ். சர்க்யூட் என்பதில் சென்சாரோடு அதன் ஒயர், கப்ளர், எர்த் எல்லாம் அடக்கம். 46 வந்தால் ஆர்.ஆர். யூனிட்டையும் மேக்னட் காயில் கப்ளரையும் பார்க்காமல் மேலே போகக் கூடாது.

இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். ஒரு டெர்மினலைச் சரிசெய்யப் பத்து நிமிடம் போதும். அதைக் கண்டுபிடிக்க அரைநாள் ஆகலாம். அந்த அரைநாளுக்குக் கூலி கேட்கத் தயங்குவதால்தான் பட்டறைகள் ஸ்பேரில் கிடைக்கும் லாபத்தை நம்ப வேண்டியிருக்கிறது. செக்கிங் கூலி எவ்வளவு என்று வண்டியை எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். காசு வாங்கியதற்கு அடையாளமாக, எடுத்த அளவுகளை எழுதிக் கொடுக்க வேண்டும்: ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி வோல்டேஜ், ஓட்டத்தில் சார்ஜிங் வோல்டேஜ், பிளஸ் பக்கத்திலும் எர்த் பக்கத்திலும் இழந்த வோல்டேஜ், எந்த இடத்தை அசைத்தபோது கோளாறு வந்தது என்ற குறிப்பு. வண்டி அடுத்த பட்டறைக்குப் போனாலும் அங்குள்ளவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. இந்தச் சீட்டின் மாதிரி அடுத்த இதழின் நடுப்பக்கத்தில் வருகிறது. நகல் எடுத்துப் பட்டறையில் பயன்படுத்திப் பாருங்கள், விட்டுப்போனவற்றை எழுதி அனுப்புங்கள்.