பாதி வழியில் திரும்பினால் பயந்தாங்கொள்ளியா?

என் கணவருக்கு ஓமனில் வேலை. குழந்தைகளோடு ஏழு வருஷமாக மஸ்கட்டில் இருக்கிறோம். இங்கே கோடையில் வாசலில் கால் வைக்க முடியாது. நவம்பர் பிறந்து விட்டால் போதும், வெள்ளி, சனி விடுமுறையில் புளிசாதத்தைக் கட்டிக் கொண்டு மலைப்பக்கம் கிளம்பி விடுவோம்.

2025 ஜனவரியில் நான்கு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, சூர் போகும் சாலையில் திவி ஊரருகே இருக்கும் 'வாதி ஷாப்' போனோம். மலையிலிருந்து இறங்கும் காட்டாற்றை இங்கே 'வாதி' என்பார்கள். பாலத்தடியில் படகேறி அக்கரை போய், இருபுறமும் சுவர் மாதிரி நிற்கும் பாறைகளுக்கு நடுவே முக்கால் மணி நேரம் நடந்தால் பச்சைப் பசேலென்று குளங்கள். வழியெல்லாம் பேரீச்சை, வாழை, பாறையோரம் வாய்க்கால். பாலைவன நாட்டில் இப்படி ஓர் இடமா என்று அசந்து போனேன். என் ஏழு வயதுப் பெண் கூட முனகாமல் நடந்தாள்.

பாதி வழியில், தூரத்து மலை உச்சியில் கருமேகம் திரண்டிருப்பதைப் பார்த்தேன். எங்கள் தலைக்கு மேலே சுள்ளென்று வெயில். "திரும்பிடலாம்ங்க" என்றேன். "ஒரு பொட்டுத் தூறல் இல்லை. இவ்வளவு தூரம் வந்துட்டுத் திரும்பறதாவது!" என்றார் கணவர். கூட வந்தவர்களும் சிரித்தார்கள்.

வாதி வெள்ளம் நம் தலையில் பெய்யும் மழையால்தான் வரும் என்பதில்லை. எங்கோ மலை மேல் பெய்தால், வெறும் பாறை அதை உறிஞ்சாது. அத்தனை தண்ணீரும் அந்தக் குறுகலான வழியில்தான் பாய்ந்து இறங்கும். ஓடி ஏற நேரம் இருக்காது. 2024 ஏப்ரலில் ஓமனில் பெய்த பெருமழையில் பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் வெள்ளத்தில் போனார்களே! அந்தச் செய்தி கேட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிள்ளைகள் இருவர் கையையும் பிடித்துக் கொண்டு நான் திரும்பி நடந்தேன். முணுமுணுத்தபடி எல்லோரும் பின்னால் வந்தார்கள்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அன்று வெள்ளம் வரவே இல்லை! சாயங்காலம் மேகமும் கலைந்து விட்டது. வீடு வந்து சேரும் வரை ஒரே கேலி. இன்றும் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், "இன்னிக்கு மழை வருமா?" என்று என்னைத்தான் கேட்கிறார்கள்.

கேட்டு விட்டுப் போகட்டும். வெள்ளம் வந்திருந்தால்தான் நான் சொன்னது சரி, வராவிட்டால் தப்பு என்பது என்ன நியாயம்? படுக்கப் போகுமுன் தினமும் கேஸை மூடினோமா என்று பார்க்கிறோம். தினமுமா தீப்பிடிக்கிறது?

தோழியரே, பயந்து கொண்டு வீட்டிலேயே இருக்கச் சொல்லவில்லை. குளிர்காலத்தில் பிள்ளைகளை அவசியம் இப்படி இடங்களுக்குக் கூட்டிப் போங்கள். முதல் நாளே வானிலை அறிவிப்பைப் பாருங்கள். குடிதண்ணீரைத் தாராளமாக எடுங்கள். தேய்ந்த செருப்போடு போகாதீர்கள், பாறை வழுக்கும். முக்கியமாக, 'ஒருத்தர் திரும்பலாம் என்றாலும் எல்லோரும் திரும்ப வேண்டும்' என்று கிளம்புமுன்பே பேசி வையுங்கள். குளம் அங்கேயேதான் இருக்கும்.

அடுத்த மாதமே மறுபடி போய், குளம் வரை நடந்து விட்டு வந்தோம். படகை விட்டு இறங்கியதும் முதலில் மலை உச்சியை அண்ணாந்து பார்த்தது யார் தெரியுமா? என் கணவர்தான்!

- ஒரு வாசகி, மஸ்கட்.