கிணறு வற்றுமுன் அளவை நடக்கட்டும்

அணைக்கட்டுக்காகக் காணியை விட்டு எழும்பிய குடும்பங்களுக்குத் தண்ணீரின் அருமையை எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. கண்டியிலும் அதன் அயலிலும் பொல்கொல்ல, கொத்மலை, விக்டோரியா என்று மகாவலியும் அதன் கிளைகளும் மறிக்கப்பட்ட காலத்தில் வயலும் வீடும் நீருக்குள் போயின. பழைய தெல்தெனிய நகரம் இன்றும் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது. ஆயினும் அந்த இழப்பு கண்ணுக்குத் தெரிந்த இழப்பு. எந்தக் காணி மூழ்கும் என்று வரைபடத்தில் கோடு போட்டுக் காட்ட முடிந்தது. அதை வைத்து நட்டஈடு கேட்கவும் முடிந்தது.

நிலத்துக்குக் கீழே தோண்டும்போது ஏற்படும் இழப்பு வேறு விதமானது. காணி இருந்த இடத்திலேயே இருக்கும். கிணற்றில் மட்டும் தண்ணீர் இராது. அந்தத் தண்ணீர் எங்கே போனது என்று கேட்டால், கேட்பவரே நிரூபிக்க வேண்டும் என்ற நிலை வந்துவிடுகிறது.

மகாவலியின் இன்னொரு கிளையான உமா ஓயாவில் நடந்ததை நாம் மறக்கலாகாது. அந்த ஆற்று நீரைத் தெற்கே கிரிந்தி ஓயாப் பக்கம் திருப்பி, வழியில் 120 மெகாவாற் மின்சாரம் எடுப்பதற்காக, பண்டாரவளை மலைகளின் கீழே 15 கிலோமீற்றர் அளவு நீளமான சுரங்கப்பாதை குடையப்பட்டது. 2014ஆம் ஆண்டின் இறுதியில் அதற்குள் பெருமளவு நிலத்தடி நீர் பாயத் தொடங்கியது. மேலே நூற்றுக்கணக்கான கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. ஆயிரக்கணக்கான வீடுகளில் வெடிப்பு விழுந்ததாக முறைப்பாடுகள் எழுந்தன. 2017 ஜூன் மாதத்தில் பண்டாரவளை நகரில் மக்கள் திரண்டு வீதிக்கு இறங்கினார்கள். 2024 ஏப்ரலில் திட்டம் திறந்து வைக்கப்பட்டது.

இத்தகைய நீர்க்கசிவின் வழியைக் கண்டுபிடிக்க ஒரு முறை உண்டு. அதனைப் புவிப்பௌதிக அளவை என்பர். நிலத்தைத் தோண்டாமலே அதன் உள்நிலையை அறியும் முயற்சி அது. வைத்தியர் வயிற்றைக் கிழிக்காமல் படம் எடுத்துப் பார்ப்பதற்கு இதை ஒப்பிடலாம்.

மின்தடை அளவையில், ஒரே நேர்கோட்டில் இரும்புக் கூர்களை நிலத்தில் அறைந்து, அவற்றின் வழியே சிறிது மின்சாரத்தைச் செலுத்துவார்கள். எமது மலைநாட்டின் அடிப்பாறை மிகப் பழையது, கடினமானது. வெடிப்பில்லாத அந்தப் பாறை மின்சாரத்தை எளிதில் கடத்தாது. வெடிப்புகளில் நீர் நின்றால் கடத்தும். ஆகவே, மின்தடை குறைந்த இடம் நீர் ஓடும் இடமாக இருக்கலாம். கூர்களுக்கிடையே தூரம் கூடக் கூட, பார்க்கும் ஆழமும் கூடும். இன்னொரு முறையில் மின்சாரம் செலுத்துவதே இல்லை. நிலத்தின் கீழே நீர் ஓடும்போது தானாகவே மிகச் சிறிய மின்னழுத்தம் உண்டாகும். அதை அளந்து, நீர் எத்திசையில் ஓடுகிறது என்று ஊகிப்பார்கள்.

இங்கேதான் நாம் அவதானமாக இருக்க வேண்டும். எமது அயல் மாவட்டங்களில்தான் நாட்டின் பெயர்பெற்ற காரீயச் சுரங்கங்கள் உள்ளன: கேகாலை மாவட்டத்தில் போகல, குருணாகல் மாவட்டத்தில் கஹட்டகஹ. கஹட்டகஹ சுரங்கம் 600 மீற்றருக்கும் மேல் ஆழமானது. இவ்வளவு ஆழத்தில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காகக் கசிந்து வரும் நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று அறிவது தொழிலாளிக்கும் நல்லது, மேலே இருக்கும் விவசாயிக்கும் நல்லது. ஆனால் பென்சிலில் இருக்கும் அந்தக் காரீயமே மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும். தானாக மின்னழுத்தத்தையும் உண்டாக்கும். அது ஓடும் நீர் உண்டாக்குவதைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும். ஈரக் களிமண்ணும் மின்சாரத்தைக் கடத்தும். எனவே, ஒரே ஒரு நாள், ஒரே ஒரு கருவியோடு வந்து, ‘இங்கே நீர் இருக்கிறது’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்பவரின் அறிக்கையை அப்படியே ஏற்பதற்கில்லை.

வழி இல்லாமல் இல்லை. காரீயம் மழைக்கும் வெயிலுக்கும் மாறாது, நீர் மாறும். ஒரே கோட்டில் வறட்சிக் காலத்தில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் அளந்து, இரண்டையும் ஒப்பிட்டால், மாறிய இடம் நீரைக் காட்டிக் கொடுக்கும். பின்பு துளையிட்டுப் பார்த்தும், ஊற்றில் சாயம் கலந்து அது சுரங்கத்தில் வருகிறதா என்று கவனித்தும் உறுதி செய்யலாம்.

அளவை நடந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. சமனலவெவ அணையில் முன்கூட்டியே ஆய்வு நடந்தது. பாறைக்குள் சீமெந்துக் கலவையும் செலுத்தப்பட்டது. அப்படியிருந்தும் 1992 ஒக்டோபரில் வலது கரையின் சுண்ணக்கல் பாறை வழியே நீர் பீறிட்டுப் பாய்ந்தது. கண்டி, மாத்தளைப் பகுதிகளிலும் அதே வகைச் சுண்ணக்கல் பட்டிகள் உண்டு. விஞ்ஞானம் இடர்களைக் குறைக்கும், அறவே ஒழித்துவிடாது. ஆதலால், எஞ்சும் ஆபத்தை யார் சுமப்பது என்ற கேள்வி பொறியியலாளர் மட்டும் தீர்க்கும் கேள்வியல்ல. அது நீதியின் கேள்வி.

எமது நிலைப்பாடு இதுதான். தோண்டுபவரே நிரூபிக்க வேண்டும்; வற்றிய கிணற்றுக்காரர் அல்ல. அதற்கு, வேலை தொடங்கு முன்பே குறைந்தது ஒரு முழு ஆண்டு, இரு பருவமழைகளையும் உள்ளடக்கி, அப்பகுதியின் எல்லாக் கிணறுகளும் ஊற்றுகளும் பீலிகளும் பதிவு செய்யப்பட்டு அளக்கப்பட வேண்டும். புவிப்பௌதிக அளவை இரு காலங்களிலும், ஒன்றுக்கு மேற்பட்ட முறைகளால் நடக்க வேண்டும். முடிவுகள் தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச செயலகத்தில் வைக்கப்பட வேண்டும். நீர்மட்டம் எந்த அளவுக்கு இறங்கினால் வேலை நிறுத்தப்படும் என்பது அனுமதிப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். இதற்குச் செலவாகும் என்பார்கள். ஆகும்தான். ஆனால் ஊர் ஊராகத் தண்ணீர் பவுசர் ஓட்டுவதற்கும், வெடித்த வீடுகளுக்கு நட்டஈடு கொடுப்பதற்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

நாமும் கைகட்டி நிற்கலாகாது. பெரிய திட்டம் ஒன்றின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, கருத்துத் தெரிவிக்க 30 நாட்கள் உண்டு. அந்த நாட்களைத் தவற விடக்கூடாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அரச திணைக்களங்களின் கையிலுள்ள அளவை அறிக்கைகளை எழுத்தில் கேட்கலாம்.

இதற்கும் முன்பாக வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. ஒரு கயிறு, அதன் நுனியில் ஒரு கல், ஒரு கொப்பி. மாதத்தில் ஒரே நாளில், விடியற்காலையில் தண்ணீர் அள்ளுமுன், கிணற்றுக் கட்டிலிருந்து நீர்மட்டம் வரை எத்தனை அடி என்று அளந்து எழுதுங்கள். பீலியானால், ஒரு வாளி நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று குறியுங்கள். மழை பெய்த நாட்களையும் சேர்த்து எழுதுங்கள். பாடசாலைப் பிள்ளைகள் இதை விருப்பத்தோடு செய்வார்கள். கிராம உத்தியோகத்தரிடம் காட்டி, திகதியிட்டுக் கையொப்பம் வாங்கி வையுங்கள்.

வறட்சியால் வற்றியது என்று ஒருவர் சொல்லும்போது, முந்திய வறட்சிகளிலும் இந்தக் கிணறு இந்த மட்டத்துக்குக் கீழே போகவில்லை என்று காட்ட உங்கள் கையில் ஒரு கொப்பி இருக்கும். ஒருமுறை காணியை இழந்தவர்கள் இன்னொரு முறை தண்ணீரையும் இழக்க வேண்டியதில்லை. இந்த மாதமே அளக்கத் தொடங்குங்கள்.