கிணற்றுக்கும் ஒரு கணக்கு நோட்டு

பால் கணக்கு, சலவைக் கணக்கு, மளிகைக் கணக்கு என்று என்னிடம் எப்போதும் மூன்று நோட்டுகள் உண்டு. சென்ற ஆண்டு முதல் நாலாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. கிணற்றுக் கணக்கு! "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று இவர் கேலி செய்தார். இப்போது அதே நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிரசங்கம் செய்வதும் இவர்தான். அந்தக் கதையைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

சென்னைப் புறநகரில் எங்களுடையது பழைய வீடு. கொல்லையில் முப்பதடி ஆழ உறைக்கிணறு ஒன்று இருக்கிறது. என் மாமியார் இருந்தவரை அந்தத் தண்ணீரில்தான் சமையல், குடிநீர் எல்லாம். அப்புறம் குழாய்த் தண்ணீர் வந்தது, கேன் வந்தது. ஆனாலும் கேன் தீர்ந்துபோன நாட்களில் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சி வடிகட்டிக் குடிப்பது வழக்கமாகவே இருந்தது. "காய்ச்சின தண்ணி அமிர்தம்" என்பது மாமியார் வாக்கு. நானும் அதை வேதமாக நம்பினேன்.

போன கோடையில் கிணறு அடி மட்டத்துக்குப் போயிற்று. போர் போடும் ஆளைக் கூட்டி வந்தார் இவர். அந்த மனிதர் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். தேங்காயைக் கையில் வைத்துப் பார்த்தார். "இருநூத்தம்பது அடி போடுங்க சார், தண்ணி பொத்துக்கிட்டு வரும். கிணத்தை மூடிடுங்க, இடமாவது மிச்சம்" என்றார். செலவு ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது போலிருந்தது. என் பெண் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த நேரம் வேறு. கையிருப்பு எவ்வளவு என்று எனக்குத்தானே தெரியும்!

இந்தச் சமயத்தில் மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொன்னார். "அத்தை, உங்க ஏரியாவுல தண்ணி எத்தனை அடியில இருக்குன்னு சர்க்காரே அளந்து போடறாங்களே, பார்த்தீங்களா?"

நான் எங்கே பார்த்தேன்! ஏரிகளின் நீர்மட்டம் பேப்பரில் வருவதை மட்டும் பார்ப்பேன். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று வரிசையாகப் போட்டு, மொத்தக் கொள்ளளவு இவ்வளவு, இன்றைய இருப்பு இவ்வளவு என்று தருவார்களே, அது. புழலுக்கு 3,300 மில்லியன் கன அடி, செம்பரம்பாக்கத்துக்கு 3,645. ஒரு மில்லியன் கன அடி என்றால் ஏறக்குறைய 2.83 கோடி லிட்டர். 2019 கோடையில் அந்த ஏரிகள் நாலும் அனேகமாக வறண்டு போய், குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றோமே, அப்போது பிடித்த பழக்கம் இது. ஆனால் பூமிக்கடியில் இருக்கும் தண்ணீருக்கும் இப்படி ஓர் இருப்புக் கணக்கு உண்டு என்பது புதுச் செய்தியாக இருந்தது.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் 1969-லிருந்தே நாடு முழுவதும் குறிப்பிட்ட கிணறுகளைத் தேர்ந்தெடுத்து அளந்து வருகிறதாம். வருஷத்துக்கு நாலு தடவை: ஜனவரி, கோடை, ஆகஸ்ட், நவம்பர். தண்ணீரின் தரத்தைப் பெரும்பாலும் கோடையில் ஒரு தடவை பரிசோதிக்கிறார்கள். இது தவிர நம் மாநிலத்துக்கென்று சென்னைத் தரமணியில் ஒரு நீர்வள விவர மையம் இருக்கிறது. அவர்களும் தனியாகக் கிணறுகளை வைத்து அளக்கிறார்கள். இப்போது பல இடங்களில் மனிதர் போகாமலே கருவியே அளந்து அனுப்பிவிடுகிறது. இதெல்லாம் நம் வரிப்பணத்தில் நடப்பது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் எடுத்துக் காட்டினார். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், பள்ளிக்கூட வளாகம் ஒன்றில், ஒரு கண்காணிப்புக் கிணறு இருக்கிறது! இத்தனை வருஷமாக அந்த வழியாகத்தான் காய்கறி வாங்கப் போய் வந்திருக்கிறேன்.

முதலில் நான் அசடு வழிந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் 2 மீட்டர் சொச்சம், மே மாதத்தில் 6 மீட்டர் சொச்சம் என்று போட்டிருந்தது. "அட, கோடையில தண்ணி ஏறுதே!" என்றேன். மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டார். அது தண்ணீரின் உயரம் இல்லையாம். தரையிலிருந்து எத்தனை மீட்டர் கீழே தண்ணீர் இருக்கிறது என்ற கணக்கு. எண் பெரிதானால் தண்ணீர் கீழே போயிருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் பார்க்கும்போது இதை மறந்துவிடாதீர்கள். ஒரு மீட்டருக்கு 3.28 அடி என்று பெருக்கிக்கொண்டால் நமக்குப் புரியும்.

பதினைந்து வருஷத்து எண்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கிற்று. ஒவ்வொரு கோடையிலும் இறங்கும் தண்ணீர், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. 2019 கோடையில் மட்டும் கிடுகிடுவென்று இறங்கியிருக்கிறது. ஆனால் அடுத்த மழைகளுக்குப் பிறகு மெல்ல ஏறியும் விட்டது. அப்படியானால் எங்கள் கிணறு செத்துப்போகவில்லை. பட்டினி கிடக்கிறது, அவ்வளவுதான்.

"அப்போ போர் போட்டா?" என்றார் இவர். எங்கள் பக்கம் மேலே கொஞ்சம் மண், கீழே பாறை. பாறையில் வெடிப்பு இருந்தால் தண்ணீர், இல்லையென்றால் புழுதி. ஆழம் கூடக்கூடத் தண்ணீர் கூடும் என்பது நிச்சயமில்லை. கடலோரத்துச் சகோதரிகள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அங்கே மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. ஆழம் போட்டு அதிகம் இறைத்தால் உப்பு மேலே வந்துவிடும். மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி இறைத்து, கடல் நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்ட கதை ஊரறிந்தது.

இன்னொரு கணக்கும் வெளியிடுகிறார்கள். அது நமக்கு ரொம்பப் பழக்கமான கணக்கு. தமிழ்நாட்டில் ஃபிர்கா ஃபிர்காவாக, மழையால் பூமிக்குள் இறங்கும் நீரில் எடுக்கத் தக்கது எவ்வளவு, நாம் எடுப்பது எவ்வளவு என்று போடுகிறார்கள். 2022-லிருந்து வருஷா வருஷம் இது நடக்கிறது. நூறு ரூபாய் சம்பளத்தில் எழுபதுக்குள் செலவழித்தால் 'பாதுகாப்பானது'. எழுபதிலிருந்து தொண்ணூறு வரை போனால் பாதி ஆபத்து. தொண்ணூறிலிருந்து நூறு வரை ஆபத்து. நூறைத் தாண்டினால்? கடன் வாங்கிக் குடும்பம் நடத்துகிறோம் என்று அர்த்தம். அந்தக் கடனைப் பேரன் பேத்திதான் அடைக்க வேண்டும்.

இதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன். தண்ணீரின் தரம் பற்றிய அட்டவணையையும் மாப்பிள்ளை திறந்தார். எங்கள் பக்கத்துக் கிணற்றுக்கு நேரே நைட்ரேட் என்ற கட்டத்தில் இருந்த எண், 45-க்கு மேல். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

அப்போது பேத்தி பிறந்து இருபத்திரண்டு நாள். பெண்ணுக்கு ஜுரம் வந்து பால் குறைந்திருந்ததால் டாக்டர் சொன்னபடி புட்டிப்பால் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அதற்கு முந்தின இரண்டு நாளாகக் கேன்காரன் வரவில்லை. பால் மாவைக் கலக்கியது நான்தான். எந்தத் தண்ணீரில் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். நன்றாகக் கொதிக்க வைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் கலக்கினேன்.

உடனே டாக்டரிடம் ஓடினோம். அவர் குழந்தையின் உதட்டையும் நகக் கண்ணையும் பார்த்தார். நீலம் பாரிக்கவில்லை. "ஒண்ணும் ஆகலை, பயப்படாதீங்க. ஆனா இனிமே அந்தத் தண்ணி வேண்டாம்" என்றார். அவர் விளக்கியதை அப்படியே தருகிறேன். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் உடம்பில் நைட்ரேட் மாற்றமடைந்து, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியைக் குறைத்துவிடும். உதடு, விரல் நுனி நீலமாகும். மூச்சு வாங்கும். முற்றினால் உயிருக்கே ஆபத்து. பெரியவர்களுக்கு அந்தத் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் தொந்தரவு தராது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்தக் கவலையே இல்லை. புட்டிப்பால் கலக்கும் தண்ணீரில்தான் வினை.

காய்ச்சினால் கிருமிதான் சாகும், நைட்ரேட் போகாது. கொதித்து நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்! துணியில் வடிகட்டினாலும், மெழுகுவர்த்தி மாதிரி இருக்குமே, அந்த ஃபில்டரில் வடித்தாலும் போகாது. மாமியார் வாக்கை நான் இப்படித் திருத்த வேண்டி வருமென்று நினைக்கவே இல்லை. பாவம், அவர் காலத்தில் கிணற்றைச் சுற்றித் தோட்டம்தான் இருந்தது. இப்போது பக்கத்து மனையின் கழிவுத் தொட்டிக்கும் எங்கள் கிணற்றுக்கும் இருபதடிகூட இல்லை. நைட்ரேட் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். கிராமத்தில் என்றால் உர மூட்டையும் மாட்டுத் தொழுவமும் காரணமாக இருக்கும்.

அந்தப் பள்ளிக்கூடக் கிணற்றின் எண் எங்கள் கிணற்றுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. நூறடிக்கு நூறடி தண்ணீர் மாறும். அதனால் எங்கள் தண்ணீரையே பரிசோதனைக்குக் கொடுத்தோம். சுத்தமான புது பாட்டிலில், மோட்டாரை ஐந்து நிமிஷம் ஓடவிட்ட பிறகு பிடிக்க வேண்டும். மாவட்டங்களில் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக்கூடங்களில் கட்டணம் கட்டினால் பார்த்துத் தருகிறார்கள். எங்கள் கிணற்றில் நைட்ரேட் 62 என்று வந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துச் சகோதரிகள் ஃப்ளோரைடையும் அவசியம் பார்க்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் வளரும் குழந்தையின் பல்லில் பழுப்புக் கறை விழும். அதைத் தேய்த்து எடுக்க எந்தப் பற்பொடியாலும் முடியாது. அதுவும் காய்ச்சிப் போகிற சரக்கு இல்லை.

போர் போடவில்லை. அந்தப் பணத்தில் சிறு பங்கைச் செலவழித்துக் கிணற்றைத் தூர் வாரினோம். மொட்டைமாடித் தண்ணீர் கிணற்றுக்குப் போகும் குழாய் 2003-ல் சட்டம் வந்தபோது போட்டது. கூழாங்கல் தொட்டியில் சேறு அடைத்து, பெயருக்கு நின்றிருந்தது. அதைச் சுத்தம் செய்து புதுக் கல்லும் மணலும் போட்டோம். பக்கத்து மனைக்காரரிடம் கழிவுத் தொட்டி பற்றிப் பேசினோம். முதலில் முறைத்தார். பரிசோதனைத் தாளைக் காட்டியதும் கொத்தனாரைக் கூப்பிட்டார். அவர் வீட்டிலும் ஒரு கைக்குழந்தை இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் இப்போது துவைக்க, தேய்க்க, செடிக்கு மட்டும்.

நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். நைலான் கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் ஒரு பெரிய நட்டைக் கட்டியிருக்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு காலை, மோட்டார் போடுவதற்கு முன்னால், கயிற்றை இறக்குவேன். தண்ணீரில் நட்டு தொடும்போது 'ளொக்' என்று ஒரு சத்தம் வரும். முடிச்சை எண்ணித் தேதி போட்டு எழுதிவிடுவேன். மழைக்கு முன் 23 முடிச்சு. தை மாதம் 8. நடுவில் இரண்டு மாதம் மறந்துவிட்டேன், அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.

போன ஞாயிறு பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு கயிறு விட்டேன். சத்தம் கேட்டதும் கிணற்றைப் பார்த்து 'ளொ' என்றாள். 11 முடிச்சு.