ஏர் இன்டேக் கிட்: 24,000 ரூபாய் பில்லில் வராத செலவுகள்



"இந்தக் காசை எஸ்ஐபி-யில் போட்டிருந்தா 10 வருஷத்தில் எவ்வளவு ஆகியிருக்கும் தெரியுமா?" இந்த டயலாக்கை இன்னைக்கு நான் பேசப் போறதில்லை. நீங்க வேலைக்குப் போய் சம்பாதிச்சு வாங்கின கார். அதுக்கு ஆசையா ஒரு பார்ட் வாங்கறது தப்பே இல்லை. ஒரு சிஏ-வா நான் கேட்கறது ஒண்ணே ஒண்ணுதான்: அந்தப் பார்ட்டோட முழு விலை தெரிஞ்சுதான் வாங்கறீங்களா?

நான் சொல்றது 'கோல்ட் ஏர் இன்டேக்' பத்தி. பானெட்டைத் திறந்தா ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். அதுதான் ஏர் பாக்ஸ், உள்ளே பேப்பர் ஃபில்டர். அதைக் கழட்டிட்டு ஒரு மெட்டல் பைப்பும் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டரும் மாட்டணும். ஒரு ஸ்பேனர் செட், ஸ்க்ரூ டிரைவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருந்தா வீட்டு வாசலிலேயே முடிச்சிடலாம். கணக்குக்கு கிட்டோட விலை 24,000 ரூபாய்னு வெச்சுக்குவோம்.

மைலேஜ் ஏறும், காசு திரும்பிடும்?

விற்கறவங்க சொல்ற முதல் காரணம் இதுதான். சரி, கணக்கு போடுவோம். மாசம் 1,000 கிலோமீட்டர் ஓட்டறீங்க. லிட்டருக்கு 15 கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். மைலேஜ் உண்மையிலேயே 5% ஏறுதுன்னே வெச்சுக்கிட்டாலும் மாசம் மிச்சமாகறது சுமார் 317 ரூபாய். 24,000 ரூபாய் திரும்பி வர 75 மாசத்துக்கு மேல ஆகும். அதாவது 6 வருஷம் தாண்டிடும்.

அந்த 5% வருமாங்கறதே சந்தேகம்தான். 1.2 லிட்டர் இன்ஜின் 6,000 ஆர்பிஎம்-ல் முழு மூச்சா ஓடும்போது நிமிஷத்துக்கு சுமார் 3,600 லிட்டர் காற்றை இழுக்கும். கம்பெனி கொடுத்த ஃபில்டர் அந்தத் தேவையை மனசில் வெச்சு செஞ்சதுதான். ஓஎம்ஆர் டிராஃபிக்கில் நீங்க 2,000 ஆர்பிஎம்-ல் ஊர்ந்துக்கிட்டு இருப்பீங்க. அப்போ காற்றைத் தடுக்கறது ஃபில்டர் இல்லை, பாதிக்கு மேல மூடியிருக்கிற த்ராட்டில். உங்க கால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காத வரைக்கும், ஃபில்டரை எவ்வளவு திறந்து விட்டாலும் பெரிசா எதுவும் மாறாது.

அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் இதைச் சோதிச்சுப் பார்த்தது. நவீன ஃபியூவல் இன்ஜெக்ஷன் கார்களில் அடைச்சுப்போன ஃபில்டரை மாத்தினாக்கூட மைலேஜில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை, வேகம் எடுக்கற திறன்தான் மாறுதுன்னு முடிவு வந்தது. அடைச்ச ஃபில்டருக்கே இந்தக் கதைன்னா, நல்லா இருக்கிற ஃபில்டரைக் கழட்டிட்டு என்ன மிச்சம் பிடிக்கப் போறோம்?

ஆக, இது முதலீடு இல்லை. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது வர்ற அந்த 'உஸ்ஸ்' சத்தத்துக்கும், ஹை ஆர்பிஎம்-ல் கிடைக்கிற கொஞ்சம் பவருக்கும் கொடுக்கற காசு. அதை 'பொழுதுபோக்கு'ன்னு பட்ஜெட்டில் எழுதுங்க, 'சேமிப்பு'ன்னு எழுதாதீங்க. நோ காஸ்ட் இஎம்ஐ-யில் வாங்கறவங்க இன்னொண்ணும் கவனிங்க: வட்டியை டிஸ்கவுண்ட்டா கழிச்சாலும், அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி உங்க கார்டு பில்லில்தான் வரும். பிராசஸிங் ஃபீஸ் தனி.

மழைக்காலம்தான் பெரிய செலவு

ஃபில்டரை இன்ஜின் பக்கத்தில் மேலேயே வெச்சா சூடான காற்றைத்தான் இழுக்கும். குளிர்ந்த காற்று வேணும்னா பம்பருக்குப் பின்னாடி, சக்கரத்துக்குப் பக்கத்தில் கீழே இறக்கணும். கீழே இறக்கினா தண்ணிக்குப் பக்கத்தில் போயிடும். கம்பெனி கார்களில் காற்று இழுக்கற வாய் பொதுவா உயரத்தில் இருக்கறதுக்குக் காரணமே இதுதான்.

2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைக்காரங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேளச்சேரியிலோ பள்ளிக்கரணையிலோ தேங்கின தண்ணியில் போகும்போது ஃபில்டர் மூழ்கினா, இன்ஜின் காற்றுக்குப் பதிலா தண்ணியை உறிஞ்சும். காற்றை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. கனெக்டிங் ராட் வளைஞ்சிடும். இதுக்குப் பேர் ஹைட்ரோலாக். ரிப்பேர் பில் சில கார்களில் லட்சத்தைத் தாண்டிடும்.

இன்ஷூரன்ஸ் இருக்கேன்னு நினைப்பீங்க. சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் வெள்ளச் சேதம் கவர் ஆகும். ஆனா தண்ணி புகுந்து இன்ஜின் உடையறதை 'விளைவாக வந்த சேதம்'னு ஒதுக்கறது வழக்கம். அதுக்கு 'இன்ஜின் புரொடெக்ட்' ஆட்-ஆன் தனியா எடுத்திருக்கணும். ஆட்-ஆன் இருந்தாலும், சர்வேயர் பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படறது நீங்க தெரிவிக்காம மாட்டின பைப். க்ளெய்மை முழுசா மறுக்காம ஒரு பகுதியைக் குறைச்சுத் தரவும் வாய்ப்பு உண்டு. எப்படியும், வாதாட வேண்டிய நிலைமையில் நிக்கப் போறது நீங்க.

"வாரண்டி போகாது ப்ரோ"

இந்த வரி பெரும்பாலும் அமெரிக்க வீடியோக்களில் இருந்து நமக்கு வந்தது. அங்கே 1975-ல் வந்த மாக்னசன்-மாஸ் வாரண்டி சட்டம் இருக்கு. வேற கம்பெனி பார்ட் மாட்டின ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுக்க முடியாது, அந்தப் பார்ட்டால்தான் கோளாறுன்னு கார் கம்பெனி காட்டணும். அந்தச் சட்டம் இந்தியாவில் கிடையாது. நமக்கு வாரண்டி புக்லெட்டில் என்ன எழுதியிருக்கோ அதுதான். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், ஆனா அதுவரைக்கும் ரிப்பேர் செலவு உங்க பாக்கெட்டில் இருந்துதான்.

வீட்டிலேயே மாட்டினா லேபர் சார்ஜ் மிச்சம்தான். கூடவே ஒரு பேப்பரும் மிச்சமாகுது: ஒர்க்ஷாப் பில். ஒரு கிளாம்ப் சரியா இறுகலைன்னா ஏர் ஃப்ளோ சென்சார் அளக்காத காற்று உள்ளே போகும், செக் இன்ஜின் லைட் எரியும். எண்ணெய் தடவின ஃபில்டரில் எண்ணெய் அதிகமானா அது சென்சார் மேலேயே படியலாம். அப்போ "யார் மாட்டினாங்க?"ன்னு கேட்டா, பொறுப்பு ஏத்துக்க உங்களைத் தவிர வேற ஆள் இல்லை.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்சி-யில் இருக்கிற விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததில் இருந்து மாறுபடற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒண்ணில் இதை உறுதி செஞ்சது. "ஆர்சி-யில் ஏர் ஃபில்டர் பத்தி ஒரு வரிகூட இல்லையே"ங்கறது நியாயமான வாதம்தான். ஆனா 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவு, அனுமதியில்லாம பார்ட் மாட்டறதையும் சேர்த்தே பேசுது: ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும். நடுரோட்டில் வண்டியை நிறுத்தற அதிகாரிகிட்ட உங்க வாதம் எடுபடுமாங்கறது வேற விஷயம்.

என் கருத்து

லோன் ஓடிக்கிட்டு இருக்கா? வாரண்டி இருக்கா? ஆபீஸ் போக உங்ககிட்ட இருக்கிறது இந்த ஒரு கார்தானா? இதில் ஒண்ணுக்கு 'ஆமா'ன்னாலும் இந்த கிட் வேண்டாம். 24,000 ரூபாய் பெரிய தொகைங்கறதுக்காக நான் இதைச் சொல்லலை. 24,000 ரூபாய்க்கு வாங்கற சந்தோஷத்துக்காக, லட்சக்கணக்கில் வர்ற ரிஸ்க்கை இன்ஷூரன்ஸ் கம்பெனி தலையில் இருந்து எடுத்து உங்க தலையில் வெச்சுக்கறீங்க. சம்பளக்காரங்களுக்கு இது நல்ல டீல் இல்லை.

லோன் முடிஞ்ச பழைய கார் இன்னொண்ணு இருக்கு, அதை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் மட்டும் ஓட்டிப் பார்க்கணும்னா, அது வேற கணக்கு. அங்கே இந்தப் பார்ட்டுக்கு வேலை இருக்கு.

அப்பவும் ஆசை விடலைன்னா, வாங்கறதுக்கு முன்னாடி மூணு பேப்பரைப் படிங்க: வாரண்டி புக்லெட், இன்ஷூரன்ஸ் பாலிசி, லோன் அக்ரிமென்ட். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டு, இந்தப் பார்ட்டை மாட்டினா கவர் தொடருமான்னு எழுத்தில் பதில் வாங்குங்க. ஏஜென்ட் போனில் "ஒண்ணும் ஆகாது சார்"னு சொல்றது க்ளெய்ம் நேரத்தில் செல்லாது.

கையில் கிரீஸ் படணும், அவ்வளவுதான்னா அதுக்குச் சில நூறு ரூபாய் போதும். உங்க காருக்கான ஒரிஜினல் ஏர் ஃபில்டரை வாங்கி, ஏர் பாக்ஸ் கிளிப்பைத் திறந்து, நீங்களே மாத்துங்க. பத்து நிமிஷ வேலை. அந்த பில்லை மட்டும் பத்திரமா எடுத்து வெச்சுக்கோங்க.